சிரிக்கும்போது புரையேறாத பாப்கார்ன்

‘அறிவாளி’ படத்தில் தங்கவேலு தன் மனைவி முத்துலட்சுமிக்குப் பூரி சுடச் சொல்லிக்கொடுக்கும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். 1963இல் வந்த படம். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இது எனக்குத் தெரியாதா என்று அந்த அம்மாள் அவர் வாயை அடைத்துக்கொண்டே வருவார். பாப்கார்ன் விஷயத்தில் நானும் ரொம்ப நாள் முத்துலட்சுமியாகத்தான் இருந்தேன். எண்ணெயை ஊற்றி, சோளத்தைப் போட்டு, மூடிவிட்டால் பொரிந்துவிடப் போகிறது. இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை ராத்திரி அந்த நினைப்பு போயிற்று. திருச்சியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை பழைய சிரிப்புப் படம் ஓடும். நான், என் வீட்டுக்காரர், எண்பதைத் தாண்டிய என் மாமியார், இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் கொழுந்தனார், லீவுக்கு வந்தால் அவருடைய பையன். அன்றைக்கு ‘மைக்கேல் மதன காமராஜன்’. நான் பெருமையாக மிளகாய்த்தூளும் மாங்காய்ப் பொடியும் தூவிய பாப்கார்னைப் பெரிய தாம்பாளத்தில் கொட்டி நடுவில் வைத்தேன். கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழுகிற இடம் வந்தது. கொழுந்தனார் வாய் நிறையப் பாப்கார்னோடு சிரித்தார். மிளகாய்த்தூள் நேராக மூக்குக்கு ஏறிவிட்டது. கண்ணில் தண்ணீர், இருமல், தும்மல். மாமியார் அவர் உச்சந்தலையில் தட்டி, “யாரோ நினைக்கிறாங்கடா” என்றார். நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் பந்தியே முடிந்துவிட்டது.

அன்றைக்குப் படுத்துக்கொண்டு யோசித்ததுதான் இந்தக் கணக்கு. படத்துக்குப் பாப்கார்ன் பொருத்தும்போது எல்லாரும் நாக்கை நினைக்கிறார்கள். சிரிப்புப் படத்துக்கு முதலில் காதையும் தொண்டையையும் நினைக்க வேண்டும். பேச்சால் சிரிக்கவைக்கும் படமா, உடம்பால் சிரிக்கவைக்கும் படமா? பேச்சுப் படம் என்றால் பாப்கார்ன் சத்தம் போடக் கூடாது. மொறுமொறுவென்று ஒரு வாய் கடிப்பதற்குள் இரண்டு வசனம் போய்விடும். ஓட்டம், விழுதல், முகபாவம் என்று போகிற படத்துக்கு எவ்வளவு மொறுமொறுப்பு இருந்தாலும் குற்றமில்லை. எந்தப் படமானாலும் தூளாக உதிரும் காரம் மட்டும் கூடவே கூடாது.

முதலில் பொரிக்கிற வேலை

சோளம் வாங்கும்போது பாப்கார்ன் சோளம் என்றே கேட்டு வாங்குங்கள். சாதாரண மக்காச்சோளம் பொரியாது. நான் ஒரு முறை மலிவாகக் கிடைக்கிறதே என்று அரை கிலோ மக்காச்சோளம் வாங்கி வந்து, அது வாணலியில் கறுத்துக் கருகும்வரை வேடிக்கை பார்த்திருக்கிறேன். பாப்கார்ன் சோளத்தின் தோல் கெட்டி, ஆவியை வெளியே விடாது. முத்துக்குள் நூற்றுக்குப் பதினான்கு பங்கு அளவுக்கு ஈரம் இருக்கும். சூடு 180 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும்போது அந்த ஈரம் ஆவியாகி, உள்ளே இருக்கிற மாவுச்சத்தை இளக்கி, தோலைக் கிழித்துக்கொண்டு வெடிக்கிறது. மற்றச் சோளத்தின் தோலில் ஆவி கசிந்துவிடும்.

இதனால்தான் பழைய சோளம் பாதிக்குப் பாதி பொரியாமல் அடியில் தங்குகிறது. அதன் ஈரம் காய்ந்துவிட்டது, அவ்வளவுதான். தூக்கிப் போட வேண்டாம். ஒரு கப் சோளத்துக்கு ஒரு டீஸ்பூன் தண்ணீர் விட்டு, பாட்டிலில் போட்டு மூடி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். நடுநடுவே குலுக்கிவிட்டால் இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் பழையபடி பொரியும். சனிக்கிழமைப் படத்துக்குப் புதன்கிழமையே பாட்டிலைக் குலுக்குகிற பெண்பிள்ளை திருச்சியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அடி கனமான, ஐந்து லிட்டர் பிடிக்கும் பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குக்கர் பாத்திரத்தில் செய்யலாம், ஆனால் மூடியைப் பூட்டாமல் ஒரு தட்டுப் போட்டு மூடுங்கள். ஒன்றரை மேசைக்கரண்டி கடலை எண்ணெயை ஊற்றி, மிதமான தீயில் மூன்றே மூன்று முத்தைப் போட்டு மூடுங்கள். மூன்றும் வெடித்ததும் கால் கப் சோளத்தைக் கொட்டி, பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி முப்பது வரை எண்ணுங்கள். இதை யாரும் செய்வதில்லை. நானும் வேலையற்ற வேலை என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த அரை நிமிடத்தில் எல்லா முத்துக்கும் ஒரே மாதிரி சூடு ஏறுகிறது, திரும்ப அடுப்பில் வைத்ததும் ஒன்றன்பின் ஒன்றாகச் சடசடவென்று கிளம்பிவிடும். முந்திக்கொண்டது கருக, பிந்தியது பொரியாமல் கிடக்கிற தொல்லை இல்லை.

வெடிக்கத் தொடங்கியதும் தட்டை ஒரு கரண்டிக் காம்பால் லேசாகத் தூக்கி வைத்து ஆவி வெளியேற வழி விடுங்கள். பாத்திரத்தை அவ்வப்போது ஆட்டுங்கள். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவில் இரண்டு நொடி இடைவெளி வந்தால் அணைத்துவிடலாம். கால் கப்புக்கு ஏழெட்டு கப் கிடைக்கும், இரண்டு பேருக்குப் போதும். காய் கழுவுகிற ஓட்டைக் கூடையில் போட்டு இரண்டு குலுக்குக் குலுக்கினால் பொரியாத முத்தும் உதிர்ந்த தோலும் கீழே போய்விடும். பல்செட் போட்டவர்கள் வீட்டில் இருந்தால் இந்தக் குலுக்கலை விடவே விடாதீர்கள்.

உப்பும் நெய்யும் பற்றி ஒரு வார்த்தை. தூளுப்பும் பாப்கார்னில் நிற்காமல் அடியில் போய்ச் சேரும். மிக்சியில் மாவு போல அரைத்துப் போட்டால் ஒட்டும். வெண்ணெயைவிட நெய் நல்லது. வெண்ணெயில் நூற்றுக்குப் பதினாறு பங்கு அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது, அது பட்ட இடமெல்லாம் பொரி சுருங்கும். நெய்யில் அந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பாப்கார்ன் கொடுக்க வேண்டாம். மூச்சுக்குழாயில் சிக்கிவிடும்.

காமேஸ்வரனுக்குச் சத்தம் போடாத பொரி

‘மைக்கேல் மதன காமராஜன்’ 1990இல் வந்தது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கமல்ஹாசனுக்கு நான்கு வேடம், கிரேசி மோகன் வசனம். அந்த வசனத்தில் ஒரு சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். முதல் தடவை பார்க்கும்போது பாதியாவது நழுவும். இந்தப் படத்துக்கு மொறுமொறுப்பு எதிரி.

அதனால் மற்ற நாளில் தப்பு என்று சொல்வதை இங்கே வேண்டுமென்றே செய்கிறேன். பொரிந்து முடிந்ததும் தட்டைச் சாய்க்காமல் ஒரு நிமிடம் இறுக மூடி வைப்பேன். உள்ளே இருக்கிற ஆவியில் பொரி கொஞ்சம் இளகிவிடும். வாயில் போட்டால் சத்தமே வராது. மாமியாருக்கும் இதுதான் பிடிக்கும்.

காரம் வேண்டுமே என்றால் தூளில்லாத காரம் ஒன்று இருக்கிறது. காமேஸ்வரன் பாலக்காட்டுச் சமையல்காரர் என்பதால் நான் தேங்காய் எண்ணெயிலேயே செய்கிறேன். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், நசுக்கிய மிளகு பத்து, அரை டீஸ்பூன் சீரகம், கிள்ளிய வரமிளகாய் ஒன்று, இரண்டு ஆர்க்குக் கறிவேப்பிலை. சின்ன வாணலியில் எண்ணெயைச் சூடாக்கி எல்லாவற்றையும் போட்டு, தீயை நன்றாகத் தணித்து, இரண்டு மூன்று நிமிடம் வைத்திருங்கள். கருக விடக் கூடாது, வாசனையும் காரமும் எண்ணெயில் இறங்க வேண்டும். அப்புறம் டீ வடிகட்டியில் வடித்து, வடிந்த எண்ணெயை மட்டும் பொரியின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டுப் புரட்டி, உப்பு தூவுங்கள். காரம் இருக்கும், தூள் இருக்காது. கொழுந்தனார் இப்போது தாராளமாகச் சிரிக்கிறார். வடிகட்டியில் தங்கிய கறிவேப்பிலை மொறுமொறுவென்று இருக்கும். அதை நான் சமையலறையிலேயே தின்றுவிட்டு வருவேன், யாருக்கும் சொல்வதில்லை.

பூண்டு விரும்புகிறவர்கள் இதிலேயே இரண்டு பல் நசுக்கிப் போடலாம். எங்கள் வீட்டில் சனிக்கிழமை பூண்டு கிடையாது.

செல்லப்பாவுக்கு வெல்லப்பாகு

‘காதலிக்க நேரமில்லை’ 1964இல் வந்தபோது என் மாமியார் புதுப்பெண். தியேட்டரில் ஈஸ்ட்மென் கலரில் பார்த்ததை இன்றைக்கும் சொல்வார். அந்தக் காலத்தில் கடலையும் முறுக்கும்தானாம். “முறுக்குச் சத்தத்துல படம் கேக்கலையா?” என்று கேட்டேன். “எங்களுக்குக் காது நல்லா இருந்துச்சு” என்று வந்தது பதில்.

ஸ்ரீதர் படம், சித்ராலயா கோபுவின் நகைச்சுவை. பொள்ளாச்சி பக்கத்து ஆழியாறில் எடுத்தது. அந்தப் பக்கம் தென்னைக்குப் பேர் போனது என்பதால் தேங்காயும் வெல்லமும் சேர்ந்த பொரி. நாகேஷின் உடம்பும் பாலையாவின் முகமும் பாதிப் படத்தைத் தூக்கிக்கொண்டு போகின்றன, அதனால் கொஞ்சம் சத்தம் போட்டுக் கடித்தாலும் நஷ்டமில்லை. ஒரே ஓர் இடம் விதிவிலக்கு. செல்லப்பா தன் அப்பாவுக்குப் பேய்ப்படக் கதை சொல்கிற காட்சி. அங்கே நாகேஷ் வாயாலேயே பின்னணி ஓசையும் கொடுக்கிறார், பாலையா உட்கார்ந்த இடத்திலேயே வெலவெலத்துப் போகிறார். அந்தக் காட்சி தொடங்கினால் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் இது சட்டம்.

செய்முறை கார்த்திகைப் பொரி உருண்டைக்குப் பாகு காய்ச்சுவதுதான். 100 கிராம் வெல்லத்தைப் பொடித்து, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைய விட்டு, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். பதம்தான் முக்கியம். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருட்டி எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். கடலைமிட்டாய்ப் பதம் என்பார்கள். அதிரசப் பதத்தில் இறக்கினால் வம்பு. முதல் தடவை நான் அவசரப்பட்டு அப்படித்தான் இறக்கினேன். பொரி முழுக்கப் பிசினாகி ஒரே கட்டியாகிவிட்டது. மாமியார் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மேல்வரிசைப் பல்செட்டை அந்தத் துண்டோடு சேர்த்து வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார். அன்றைக்கு நாகேஷுக்குச் சிரித்ததைவிட அதற்குத்தான் அதிகம் சிரித்தோம், அவரும் சேர்ந்து.

பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, இரண்டு சிட்டிகை ஆப்ப சோடா போடுங்கள். பாகு நுரைத்துப் பொங்கும். அந்தக் காற்றுக்குமிழிகள் உள்ளே இருப்பதால் ஆறின பிறகு கல் மாதிரி இறுகாமல் பல்லுக்கு உடையும். உடனே அரை டீஸ்பூன் சுக்குப்பொடி, ஏலக்காய், நெய்யில் பொன்னிறமாக வறுத்த தேங்காய்ப் பல் ஒரு கைப்பிடி, எல்லாவற்றையும் சேர்த்து, தயாராக இருக்கிற ஏழெட்டு கப் பொரியைக் கொட்டிப் புரட்டுங்கள். தேங்காய் நன்றாக வறுபட்டிருக்க வேண்டும், ஈரம் இருந்தால் பொரி நமுத்துவிடும். நெய் தடவிய தட்டில் பரப்பி, கொஞ்சம் ஆறியதும் உதிர்த்துவிடுங்கள். கொதிக்கிற பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு வேகும், அதனால் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இந்தப் பொரிக்கு மட்டும் இளகல் கூடாது. முன்னே சொன்னபடி ஆவி போக விட்டுப் பொரித்திருக்க வேண்டும்.

மீசை வைத்த பொரி, மீசை எடுத்த பொரி

‘தில்லு முல்லு’ 1981, பாலசந்தர் இயக்கியது, ‘கோல்மால்’ என்ற இந்திப் படத்தின் தழுவல். ரஜினி மீசை உள்ள இந்திரனாகவும் மீசை இல்லாத சந்திரனாகவும் முதலாளி தேங்காய் சீனிவாசனை ஏமாற்றுகிற கதை என்பதால் ஒரே அடுப்பில் பொரித்ததை இரண்டாகப் பிரிப்பேன். ஒரு பாதிக்கு நெய், உப்பு, கொரகொரப்பாக உடைத்த கறுப்பு மிளகு. அது இந்திரன், கறுப்புப் புள்ளிதான் மீசை. மிளகை மாவாக அரைக்காதீர்கள், மறுபடி புரை ஏறும். உடைத்ததை நெய்யில் ஒரு புரட்டுப் புரட்டிச் சேர்த்தால் பறக்காது. மறுபாதிக்கு நெய், பொடித்த சர்க்கரை, ஏலக்காய். வெள்ளை வெளேரென்று சந்திரன்.

இந்திரனை முதல் பாதியில் கொடுத்துவிட்டு, சந்திரனை மூடி ஒளித்து வைத்துவிடுவேன். இடைவேளைக்குப் பிறகுதான் வெளியே வரும். இது வேடிக்கைக்கு மட்டும் இல்லை. நம்முடைய படங்கள் இரண்டரை மணி நேரம் ஓடுகின்றன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைத்தால் முதல் அரை மணியில் தாம்பாளம் காலி. முதல் பாதிக்கு உப்பு, இரண்டாம் பாதிக்கு இனிப்பு என்று எந்தப் படத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். இடைவேளையில் உப்புக்குத் தாகமாக இருப்பவர்களுக்கு மோர் கொடுங்கள். என் வீட்டுக்காரர் கோலி சோடா கேட்பார். அது நடுக்காட்சியில் ஏப்பம் வரவழைக்கும் என்பதால் நான் தடை போட்டிருக்கிறேன்.

மற்றவை சுருக்கமாக

‘பாமா விஜயம்’ (1967): பக்கத்து வீட்டுக்கு நடிகை குடிவந்ததும் வசதிக்கு மீறிய ஆடம்பரத்தில் இறங்குகிற குடும்பம். இதற்கு மட்டும் கடையில் சீஸ் பொடி வாங்கி, வெதுவெதுப்பான நெய்யில் குழைத்துப் பொரியில் புரட்டுவேன். விலையைக் கேட்டுப் பாலையா மாதிரி முகம் மாறுகிறவர் என் வீட்டுக்காரர்.

‘கரகாட்டக்காரன்’ (1989): வெறும் உப்புப் பொரி, நல்ல மொறுமொறுப்பாக. பக்கத்தில் சரியாக இரண்டு வாழைப்பழம் வையுங்கள். ஒன்றைக் காணோம் என்று கட்டாயம் யாராவது சண்டைக்கு வருவார்கள். போன முறை கொழுந்தனார் பையன்தான் தின்றுவிட்டு, மிச்சம் இருந்ததைக் காட்டி, “அந்த இன்னொண்ணுதான் இது, பெரியம்மா” என்றான். படம் பார்த்து வளர்ந்த பிள்ளை.

‘சபாபதி’ (1941): எஜமான் பெயரும் வேலைக்காரன் பெயரும் சபாபதி, டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்னமும். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். எண்பது வருடத்துக்கு முந்தைய ஒலிப்பதிவு, நாங்கள் பார்த்த பிரதியில் ஓசை கரகரவென்று இருந்தது. இதற்கும் மூடி வைத்து இளக்கிய பொரிதான். கடலை எண்ணெய்க்குப் பதில் நெய்யிலேயே பொரித்து, ஒரு சிட்டிகை பெருங்காயம் கரைத்த நெய்யை மேலே விட்டால் மோர்மிளகாய் வறுத்த வீட்டு வாசனை வரும். மாமியாருக்கு இதைச் செய்து கொடுத்தேன். ஒரு வாய் போட்டுக்கொண்டு, “இது தயிர்சாதத்துக்கு நல்லா இருக்கும்” என்றார்.

மறுநாள் மத்தியானம் மிச்சத்தைத் தயிர்சாதத்தோடு வைத்தேன். அவர் சொன்னது சரிதான்.